நெல்லிமேட்டுக்கு வராத வண்டி: கல்வராயன் மலையில் நான் செய்த பங்களிப்பு

கல்வராயன் மலைக்குப் போகப் போகிறேன் என்று சென்ற மாதம் இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், குடும்பத்தோடு போகலாமா என்று பலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆனால் அருவியைப் பற்றி நாலு வரிதான் தேறும். மீதியெல்லாம் நான் அங்கே போய்ச் செய்துவிட்டு வந்த காரியம். எழுத உட்காரவே கூச்சமாக இருந்தது. மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, நான்காவது முறை எழுதுகிறேன்.

போன காரணம் இது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிப்பது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். இந்த மாதிரிப் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்கிற வழக்கமே கிடையாது. வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை மலை, ஞாயிறு திரும்பி வருவது என்று போட்டுக்கொண்டேன். கல்லூரிக்காரர்கள் அறை வாடகையும் கொடுத்துவிடுகிறார்கள் என்ற சந்தோஷம் வேறு.

வியாழக்கிழமை மதியம் கிளாம்பாக்கத்தில் இரண்டு மணிக்கு அரசுப் பேருந்து ஏறினேன். உளுந்தூர்பேட்டையில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். அங்கே டீ வாய்க்கு விளங்கவில்லை, கையில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது ஏழரை. நிலையத்துக்கு எதிரிலேயே விடுதிகள் இருக்கின்றன. எனக்குக் கிடைத்த அறைக்கு 900 ரூபாய். ஃபேன் மட்டும் ஹெலிகாப்டர் சத்தம். மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து வழக்குக்கும் மனுவுக்கும் வருகிற கூட்டம் அதிகம் என்பதால் அறை முன்னாடியே சொல்லி வைப்பது நல்லது.

கம்ப்யூட்டர் வேலை தெரியாதவர்களுக்காக இந்தத் திறந்த மூல விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளை எழுதியவர், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தப்புக் கண்டால் சரிசெய்து, இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பலாம். அவர் பார்த்து ஏற்றுக்கொள்வார், இல்லையென்றால் திருப்பிவிடுவார். காசு கிடையாது, பெயர் கிடைக்கும். வேலை தேடும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பெரிய விஷயம்.

பயிற்சிக்கு வெளியூர்ப் பெரிய திட்டம் எதையாவது காட்டினால் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்று, உள்ளூர்த் திட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். பெயர் ‘வண்டி எங்கே’. கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு ஒரு அறக்கட்டளையின் மருத்துவ வண்டி போகிறது. ஊசி, மாத்திரை, புண்ணுக்குக் கட்டு எல்லாம் அந்த வண்டியில்தான். எந்த நாள் எந்த ஊர் என்று அந்தச் செயலி காட்டும். நாள் மாறினால் ஊர்க்காரர்களின் பட்டன் போனுக்குக்கூடப் பதிவு செய்த குரலில் அழைப்புப் போகும். எழுதியவர் வெள்ளிமலைக்காரர், பெயர் பூங்கொடி என்று மட்டும் தெரிந்தது. உங்கள் மாவட்டத்துத் திட்டம், உங்கள் மண்ணின் திட்டம் என்று மேடையில் நான் குரலை உயர்த்தியதை இப்போது நினைத்தால் உடம்பு சுருங்குகிறது.

காலை முழுக்கப் பாடம் எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கி விழுந்தார்கள். அவர்களை எழுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். எங்கள் நிறுவனத்து டி-ஷர்ட் ஐம்பது கையில் இருந்தது. இன்றைக்குள் இந்தத் திட்டத்துக்கு முதலில் திருத்தம் அனுப்பும் ஐம்பது பேருக்கு டி-ஷர்ட் என்று அறிவித்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான்.

“இன்னா சார் அனுப்பணும்?”

“எது வேண்டுமானாலும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் அதைப் போட்டு அனுப்பு. முதல் அடி எடுத்து வைப்பதுதான் முக்கியம்.”

“புள்ளி வெச்சாகூட டி-ஷர்ட்டா சார்?”

“கண்டிப்பாக.”

அறை விழித்துக்கொண்டது. ஒருத்தர் முற்றுப்புள்ளி வைத்தார். அடுத்தவர் அதை எடுத்தார். ஒரு பெண் ‘வண்டி’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘வாகனம்’ என்று மாற்றினாள். ஒருவன் பக்கத்தின் தலைப்பில் கல்லூரியின் பெயரைச் சேர்த்தான். இன்னொருவன் சிவப்பு இதயம் ஒன்றை ஒட்டினான். டி-ஷர்ட் தீர்ந்துவிடுமோ என்று ஒருவரே மூன்று நான்கு அனுப்பினார்கள். நான் மேசைக்கு மேசை போய்த் தட்டிக்கொடுத்தேன். ஐந்து மணிக்கு எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து, ஒரே மதியத்தில் நூறுக்கும் மேற்பட்ட பங்களிப்புகள், கள்ளக்குறிச்சி கலக்குகிறது என்று போட்டேன். விருப்பக்குறி குவிந்தது. விடுதிக்குப் போகிற வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு வெள்ளிமலைப் பேருந்து. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகப் போகிறது. கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், நான் கொடுத்தது 40 ரூபாய். அணை வரைக்கும் இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும். அதற்கப்புறம் வளைவுகள். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறியது. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கோழி ஒன்றைப் பையில் வைத்திருந்தார், அது மட்டும் வளைவு தெரியாமல் தூங்கியது. ஏற்றம் தொடங்கியதும் போனில் சிக்னல் போய்விட்டது. நல்லதுதான், ஒரு நாளாவது மெயில் பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிமலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அருவிக்குப் போய்வர ஒரு ஜீப் பேசினேன். 1,200 ரூபாய் சொன்னார்கள், 1,000த்துக்கு வந்தார்கள். ஓட்டுநர் பெயர் ஏழுமலை. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி யாரிடமாவது பீடி கேட்டார்.

ஒன்பதே முக்கால் இருக்கும். நெல்லிமேடு என்ற ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருபது இருபத்தைந்து பேர் நின்றிருந்தார்கள். வயதானவர்கள் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் கையை நீட்டி ஜீப்பை நிறுத்தினாள். இடுப்பில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையின் வலது காலில் பாதத்திலிருந்து முட்டி வரை கட்டு. கட்டின் ஓரம் மஞ்சளாக இருந்தது.

“அண்ணே, வரப்போ வெள்ள வண்டிய பாத்தீங்களா? எப்பவும் ஒம்போதுக்கெல்லாம் வந்துரும்.”

“பாக்கலியேம்மா. புள்ளைக்கு இன்னா ஆச்சி?” என்றார் ஏழுமலை.

“கொதிக்கிற கஞ்சிய இழுத்து ஊத்திக்கினாண்ணே. இன்னிக்கு கட்டு மாத்தணும்னு நர்சம்மா சொல்லிட்டு போச்சி. வராதுன்னா இப்பவே பத்தர பஸ்ஸ புடிச்சி வெள்ளிமல ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போயிருவேன். வர்ற வண்டிய வுட்டுட்டும் போவ முடியல.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் நேற்று ஒரு நாள் முழுக்க நான் பாடம் எடுத்த அதே வண்டி. அந்தத் திட்டத்தின் நிபுணர் ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், விடுவாரா? போனை எடுத்தேன். அந்தச் செயலி சிக்னல் இல்லாவிட்டாலும் அட்டவணையைக் காட்டும், அது எனக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை என்ற இடத்தில் நெல்லிமேடு என்று இருந்தது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“இன்றைக்கு இங்கேதான் வருது. உறுதியா வரும். காத்திருங்க” என்றேன்.

கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று கீழே சின்னதாக ஒரு வரி வரும். வெள்ளி மதியம் என்று அதில் இருந்தது. அந்த வரி எதற்காக இருக்கிறது என்று வகுப்பில் விளக்கியவனும் நான்தான். அப்போது கண்ணில் படவில்லை. அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, “வருதாம், போன்ல போட்டிருக்குதாம்” என்று சத்தமாகச் சொன்னாள். கிளம்பத் தொடங்கியிருந்த இரண்டு பெரியவர்கள் மறுபடியும் உட்கார்ந்தார்கள். ஏழுமலை வண்டியை எடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

அருவி பற்றி: சாலையிலிருந்து கீழே இறங்கி நடக்க வேண்டும், பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். தண்ணீர் நன்றாக விழுந்தது. உடை மாற்ற மறைவு இல்லை. குரங்கு உண்டு, பையை மூடி வையுங்கள். ஒன்றரை மணிக்கு மேலே ஏறி வந்தேன்.

திரும்புகிற வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏழுமலை பீடிக்காக நிறுத்தினார். அங்கே சிக்னல் எடுக்கும் போலிருக்கிறது. என் போன் துடிக்க ஆரம்பித்தது. எல்லாம் மாணவர்கள். “சார், ப்ராஜெக்ட் மூடிட்டாங்க.” “சார், எங்களால இன்னாமோ ஆயிடிச்சாம், டி-ஷர்ட் திருப்பித் தரணுமா சார்?” திட்டத்தின் பக்கத்தைத் திறந்தேன். வெளியார் எதுவும் அனுப்ப முடியாதபடி பூட்டியிருந்தது. மேலே பூங்கொடி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

‘நேற்று மதியத்திலிருந்து 143 திருத்தங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் போன் அடித்ததால், யாரோ வேண்டுமென்றே தாக்குகிறார்கள் என்று நினைத்து ஒலியை அணைத்துவிட்டேன். வண்டியின் நர்ஸ் மாலை ஆறு மணிக்கு அனுப்பிய செய்தி அவற்றுக்கு நடுவில் இருந்ததை இன்று பதினோரு மணிக்குத்தான் பார்த்தேன். அத்திக்காட்டில் காய்ச்சல் அதிகம் என்பதால் வண்டி இன்று நெல்லிமேட்டுக்குப் பதிலாக அங்கே போயிருக்கிறது. நெல்லிமேட்டு மக்களுக்குச் சொல்ல முடியவில்லை. தவறு நடந்துவிட்டது. இனி வெளித் திருத்தம் வாங்குவதில்லை.’ அவ்வளவுதான் அந்தக் குறிப்பு.

படித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. காலையில் அந்தப் பெண் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. பத்தரை பஸ் என்று சொன்னாள். அதில் போயிருப்பாள். நான்தான் உட்கார வைத்தேன். ஏழுமலையை அவசரப்படுத்தி நெல்லிமேட்டுக்கு வந்தபோது இரண்டரை தாண்டிவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டே பேர் இருந்தார்கள்.

“இன்னாப்பா, எல்லாரும் எங்க?” என்றார் ஏழுமலை.

“ஒரு மணி வரைக்கும் பாத்துட்டு வூட்டுக்கு போய்ட்டாங்க. யாரோ ஒரு ஆளு காலைல ஜீப்புல வந்து கண்டிப்பா வரும்னு சொல்லிட்டு போனானாம். நாங்க இப்பதான் காட்டுலேர்ந்து வரோம்.”

“கால் வெந்த பிள்ளையை வைத்திருந்தாரே, அந்தம்மா?” என்று கேட்டேன்.

“சின்னப்பொண்ணா? அதுவும் போய்ட்டுது. அது வூடு கீழ ஓடைக்கு அந்தாண்ட. ரெண்டு மைல் நடக்கணும். பஸ்ஸும் இனிமே இல்ல.”

அந்த யாரோ ஒரு ஆள் நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். வண்டி அத்திக்காட்டுக்குப் போய்விட்டது என்று ஏழுமலையே அவர்களிடம் சொன்னார். ஓடைக்கு ஜீப் போகுமா என்று கேட்டேன். மழையில் போகாது, இறங்கி நடந்து போய்த் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார். நடக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிமலையில் பூங்கொடி யார் என்று கேட்டதும் கடையைக் காட்டினார்கள். பேருந்து நிற்கும் இடத்துக்கு நான்கு கடை தள்ளி, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகை. முப்பது வயது இருக்கும். சேலத்தில் பொறியியல் படித்து, சென்னையில் என்னைப் போலவே ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. நான் யார் என்று சொன்னேன். யாருக்கோ சாதிச் சான்றிதழ் நகல் எடுத்துக் கொடுத்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானா சார் அந்த டி-ஷர்ட்டு?”

“மன்னிச்சிடுங்க. தெரியாம நடந்துடுச்சு.”

“திருத்தம் அனுப்பறவங்களுக்குன்னு ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கேனே, படிச்சீங்களா?”

“படிச்சேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. எந்தத் திட்டமானாலும் அப்படி ஒரு பக்கம் இருக்கும். எப்படி அனுப்ப வேண்டும், எதை அனுப்பக் கூடாது என்று அதில் எழுதியிருப்பார்கள். எங்கள் தொழிலில் அதைத் திறந்து பார்க்காமல், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நான் வகுப்பில் அந்தப் பக்கத்தின் பெயரைப் பலகையில் எழுதி, இதைப் படிப்பது அவசியம் என்று அடிக்கோடு போட்டுவிட்டு, படிக்காமலேயே அடுத்ததுக்குப் போயிருந்தேன்.

“அப்டியா? அதுல மொத வரி இன்னா சார்?”

நான் கடைக்கு வெளியே நின்ற பேருந்தைப் பார்த்தேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அங்கே எழுதியிருந்தது: ‘நீங்கள் எது அனுப்பினாலும் என் போன் அடிக்கும். நர்ஸ் அக்காவின் செய்தி வரும்போதும் அதே போன்தான் அடிக்கும். தனி சர்வர் வைக்க வசதி இல்லை. அதனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ளி, சனி எதுவும் அனுப்பாதீர்கள்.’ கீழே அவருடைய போன் எண்.

“படிச்சிட்டா வெள்ளிக்கெழம அனுப்ப சொன்னீங்க?” என்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அந்தக் கடையில் எனக்குப் பின்னால் ஆதார் திருத்தத்துக்கு நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நால்வருக்கும் இது கேட்டது.

காலையில் நெல்லிமேட்டில் நடந்ததையும் சொன்னேன். அதை மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதும் உண்மை. அவர் முகம் அப்போதுதான் மாறியது. “சின்னப்பொண்ணு அக்காவயா உக்கார வெச்சீங்க?” என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஏதாவது செய்து தருகிறேன், நர்சின் செய்தி மட்டும் தனியாக வருகிற மாதிரி நானே எழுதித் தருகிறேன், இன்று இரவே முடித்துவிடலாம் என்று படபடவென்று பேசினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க ஒண்ணும் எழுத வேணாம் சார். அந்த 143ஐயும் ஒவ்வொண்ணா தொறந்து, பதில் போட்டு மூடுங்க. என் பேர்ல இல்ல, உங்க பேர்ல. புள்ளைங்கள ஒரு வார்த்த திட்டாதீங்க. அதுங்க நீங்க சொன்னததான் செஞ்சிதுங்க.”

கடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. மூன்றே கால் மணிக்கு உட்கார்ந்தேன். முற்றுப்புள்ளி வைத்தவருக்கும், புள்ளியை எடுத்தவருக்கும், இதயம் ஒட்டியவருக்கும், நீங்கள் செய்தது தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று எழுதினேன். நகல் எடுத்து ஒட்டலாம் என்று பத்தாவதிலேயே கை போனது. பூங்கொடி அவ்வப்போது வந்து திரையைப் பார்த்தார், அதனால் ஒவ்வொன்றாகவே எழுதினேன். பாதி வழியில் ஒன்றைப் பார்த்து அவரே நிறுத்தச் சொன்னார். அந்த மாணவி எதையும் மாற்றவில்லை. அழைப்புப் போகும்போது போன் அணைந்திருந்தால் மறுபடி அழைக்குமா என்று கேள்வி மட்டும் கேட்டிருந்தாள்.

“இது நல்ல கேள்வி. மறுபடி கூப்புடாதுதான். இந்தப் பொண்ணோடத மூடாதீங்க, நான் பேசிக்கறேன்” என்றார் பூங்கொடி. அவள் டி-ஷர்ட் வாங்கியவர்களில் இல்லை என்று பிறகு பார்த்தேன்.

ஐந்தரைக்கு அவர் இன்னொரு வேலை வைத்தார். நெல்லிமேட்டுக்காரர்கள் சாயங்காலம் ஊருக்கு மேலே இருக்கிற பாறைக்கும், ஓடைக்கு அந்தப் பக்கத்தவர்கள் அங்கே இருக்கிற பாறைக்கும் வருவார்களாம். அங்கே மட்டும்தான் போன் எடுக்கும். அதனால்தான் முந்தின நாள் மாலையே சொல்லிவிடுவது வழக்கம். வண்டி செவ்வாய்க்கிழமை நெல்லிமேட்டுக்கு வருகிறது என்று நர்ஸ் உறுதி சொல்லியிருந்தார். இந்தத் தடவை பதிவுக் குரல் வேண்டாம், நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று எண்களைக் கொடுத்தார்.

கூப்பிட்டேன். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர், “பிரஷர் மாத்தர முடிஞ்சி ரெண்டு நாளாச்சிய்யா, வெளாட்றீங்களா?” என்றார். அதைக் கேட்க எனக்கு ஒருவிதத்தில் இதமாகவே இருந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ சின்னப்பொண்ணு எடுத்தார். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி வரும், நர்சே சொன்னார் என்றேன்.

“நீங்க யாரு பேசறது?”

“வெள்ளிமலையிலிருந்து, பூங்கொடி கடையிலிருந்து.”

“நல்லா இருப்பீங்க. நீங்களாச்சும் கூப்ட்டு சொல்றீங்களே. காலைல எவனோ ஒருத்தன் வரும்னு சொல்லி உக்கார வெச்சிட்டு போய்ட்டான். புள்ள அழுதுக்கினே இருக்குது.”

“சரிங்க, பாத்துக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். போன் ஒலி கொஞ்சம் பெரிது, பூங்கொடிக்கும் கேட்டிருக்கும். ஜெராக்ஸ் இயந்திரத்தை அணைத்துத் துணி போட்டு மூடினார். வாங்கக் கூடாத நன்றியை வாங்கிக்கொண்டு, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இன்னும் ஆறு எண்களைக் கூப்பிட்டேன். கடைசிப் பேருந்து போய்விட்டது. வெள்ளிமலையில் 600 ரூபாய்க்கு ஒரு அறை கிடைத்தது. கொசு உண்டு, போர்வை கொடுத்தார்கள். ஞாயிறு காலை முதல் பேருந்தில் மலையிறங்கி, மாலை நான்குக்குச் சென்னை வந்து சேர்ந்தேன்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் அருவியில் தண்ணீர் இருக்கும், சாலையில் சகதியும் இருக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து காலை முதல் பேருந்தைப் பிடித்தால் ஒரே நாளில் போய்வரலாம். ஜீப்புக்கு ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு வெள்ளிமலையிலேயே முடித்துவிடுங்கள், மேலே ஒன்றும் கிடைக்காது. போக வர, தங்க, தின்ன எனக்கு மொத்தம் 3,400 ரூபாய்க்குள் முடிந்தது. மலையில் யாராவது வழியோ வண்டியோ கேட்டால் உங்கள் போனைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

திறந்த மூலத் திட்டத்துக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்றாலும். அனுப்புவதற்கு முன்னால் அவர்கள் எழுதி வைத்திருக்கிற பக்கத்தைப் படியுங்கள், படித்த மாதிரி நடிக்காதீர்கள். அந்த மென்பொருளைக் கொஞ்ச நாள் நீங்களே பயன்படுத்துங்கள். அங்கே என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பெயர் எங்கேயாவது வர வேண்டும் என்பது உங்கள் தேவை, அவர்களுடையது இல்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் உட்கார்ந்து பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், அவருக்கு வேறு வேலையும் இருக்கிறது. டி-ஷர்ட் ஐம்பதும் கொடுத்தாகிவிட்டது, திருப்பிக் கேட்கவில்லை. எல்லோரையும் நிற்கவைத்து எடுத்துப் போட்ட படத்தை மட்டும் நீக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்து கட்டு மாற்றியதாகப் பூங்கொடி சொன்னார். புண்ணில் சீழ் வைத்துவிட்டதாம், ஊசி போட்டு மூன்று நாள் வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். இப்போது பிள்ளை நடக்கிறது. திட்டம் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. கேள்வி கேட்ட மாணவி மட்டும் உள்ளே வேலை செய்கிறாள்.

இதை இங்கே வரை எழுதிவிட்டு வெளியிடப் போனேன். ஆயிரம் பேர் படிக்கப்போகிறார்கள், சொல்ல வேண்டிய ஒருத்தருக்கு மட்டும் தெரியாது என்று உறைத்தது. இன்று வெள்ளிக்கிழமை, மணி ஐந்தே முக்கால், பாறைக்கு வருகிற நேரம். சின்னப்பொண்ணுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு ஜீப்பில் வந்து காத்திருக்கச் சொன்ன ஆள் நான்தான், மாலையில் கூப்பிட்டதும் நான்தான், அப்போது சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். நான் அவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பை அவர் முடிக்க விடவில்லை.

“அது கெடக்கட்டும். மழ பேஞ்சிக்கினே இருக்குது. நாளிக்கி வண்டி வருமா வராதா, அத சொல்லு.”

கை தானாகச் செயலியைத் திறந்தது. சனிக்கிழமை, நெல்லிமேடு என்று இருந்தது.

“தெரியலீங்க. பூங்கொடிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“அன்னிக்கும் இப்டி தெரியலன்னு சொல்லிருந்தின்னா நான் பத்தர பஸ்ஸுக்கு போயிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.